கிணறு ஆல்பத்துக்கு ஜோடி இல்லை

நவம்பர் 3, திங்கள்

மின்வாரிய சங்கத்துக்காரர்கள் வருஷா வருஷம் அப்பாவுக்கு ஒரு டைரி கொடுப்பார்கள். ரிட்டயர் ஆன பிறகும் நிறுத்தவில்லை. அவர் அதில் பால் கணக்குக்கூட எழுதுவது கிடையாது, பீரோவில் அடுக்கி வைத்திருக்கிறார். ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். இதில் பாட்டு விஷயம் மட்டும் எழுதப்போகிறேன். வேறு எதையும் எழுதத் தெம்பு இல்லை.

பிரசவத்துக்கு ஈரோட்டுக்கு, அப்பா வீட்டுக்கு, வந்தேன். பிள்ளை பிறந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. அம்மா போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிவிட்டது. அதனால் பத்தியச் சமையல், லேகியம், வெந்நீர் எல்லாம் அப்பாதான். காங்கேயத்தில் இருந்து சரசு அத்தை மூட்டுவலியோடு போனில் உத்தரவு போடுகிறார், அப்பா ஸ்பீக்கரில் கேட்டு அப்படியே செய்கிறார். லைன் இன்ஸ்பெக்டராக இருந்த மனிதர், மேலிடத்து உத்தரவை மீறிப் பழக்கமில்லை.

அத்தையின் முதல் உத்தரவு காதுக்கட்டு. பிள்ளை பெற்றவளுக்குக் காதில் காற்றுப் புகக்கூடாதாம். பஞ்சை அடைத்து, தலையைச் சுற்றித் துண்டு கட்ட வேண்டும். அப்பா தன் பழைய வேட்டியைக் கிழித்து, தினமும் நான் குளித்து வந்ததும் கட்டிவிடுகிறார். கண்ணாடியில் பார்த்தால் பல்வலிக்காரி மாதிரி இருக்கிறேன்.

இன்றைய கண்டுபிடிப்பு: அவர் அந்தப் பக்கம் போனதும் கட்டை அவிழ்த்து, பஞ்சை எடுத்துவிட்டு ப்ளூடூத் இயர்போனை வைத்துத் திரும்பக் கட்டிக்கொண்டால் யாருக்கும் தெரியாது.

கேட்பது கிரே ஹெரன். அந்தக் காலத்து இங்கிலீஷ் புரோக்ரெசிவ் ராக் குழு. நான் அவர்களை நாரைகள் என்றுதான் சொல்வேன். ஒவ்வொரு பாட்டும் பத்து நிமிஷம், பன்னிரண்டு நிமிஷம் போகும். நடுவில் தாளம் மாறும், ஆர்கன் வரும், பாடுகிறவன் எங்கேயோ காணாமல் போய்விட்டுத் திரும்பி வருவான். காலேஜ் ஹாஸ்டலில் பிடித்த பைத்தியம், இன்னும் விடவில்லை. ஆல்பங்களுக்கு அட்டைப்படத்தை வைத்து நானே பெயர் வைத்திருக்கிறேன். மஞ்சள், கப்பல், கிணறு, கடிகாரம் என்று மொத்தம் எட்டு, கடைசியாக ஜிகினா. ஜிகினா வந்தபோது பழைய டிரம்மர் விலகிவிட்டான். அதற்கு மேல் சொல்வது மரியாதை இல்லை.

என் வேலை ஜோடி சேர்ப்பது. இரண்டு ஆல்பத்தை எடுத்து, இதில் ஒரு பாட்டு அதில் ஒரு பாட்டு என்று பின்னி, கேட்கிறவனுக்கு ஒரே ஆல்பம் என்று தோன்ற வேண்டும். இன்று கப்பலும் கடிகாரமும்.

நவம்பர் 4, செவ்வாய்

கப்பல் கடிகாரம் தோல்வி. சத்தம் உள்ளே வருகிறது.

நவம்பர் 6, வியாழன்

பிரச்சினை என்னவென்று புரிந்துவிட்டது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன மௌனம் இருக்கிறது. மூச்சு விடுகிற நேரம்தான். அதற்குள் அழுகை உள்ளே வந்துவிடுகிறது. வந்துவிட்டால் அடுத்த பாட்டு எவ்வளவு சத்தமாக இருந்தாலும் அதற்குள்ளேயும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அழாதபோதும் கேட்கிறது. குளியலறையில் பைப்பைத் திறந்தாலும் கேட்கிறது.

அதனால் ஜோடி சேர்க்கிற விதியை மாற்றினேன். ஒரு பாட்டு முடிவதற்கு முன்னாலேயே அடுத்தது ஆரம்பித்துவிட வேண்டும். சத்தமாக முடிகிற பாட்டுக்குப் பக்கத்தில் சத்தமாக ஆரம்பிக்கிற பாட்டு. கப்பலில் மூன்றாவது, அதன் தலையில் கடிகாரத்தின் முதல் பாட்டு. மெதுவாகப் போகிற இடம் இருக்கிற பாட்டெல்லாம் வெளியே. அப்படிப் பார்த்தால் கிணறு மொத்தமாகவே வெளியே. அதில் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு, நடுவில் தண்ணீர் சொட்டுகிற சத்தத்தைத் தவிர ஒன்றுமே இருக்காது. ஒரு காலத்தில் அந்த இடத்துக்காகத்தான் அந்த ஆல்பத்தையே கேட்பேன். இப்போது வேண்டாம்.

காலையில் ரங்காத்தாக்கா பிள்ளையைக் குளிப்பாட்ட வந்தாள். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைத் தொடையில் போட்டு, மூக்கு, தாடை, முதுகு என்று உருட்டிப் பிடித்துவிட்டாள். துவட்டி முடித்ததும் அதன் கழுத்தில் மூக்கை வைத்து இழுத்தாள்.

"அம்மிணி, இந்தப் பால் வாசம் இருக்குதே, இதுக்கு ஈடா சென்ட்டு விக்கிறானா சொல்லு பாக்கலாம்? மோந்து பாரு கண்ணு."

என்னிடம் கொடுத்தாள். முகர்ந்து பார்த்தேன். எனக்குத் தயிர் வாசம் வந்தது. நல்லா இருக்குதுங்க்கா என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

ஓசூரில் இருந்து என் வீட்டுக்காரர் நவநீதன் வந்தார். கம்பெனியில் புது லைன் போடுகிறார்களாம், லீவு இல்லை, ஒரே நாள்தான். வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு பிள்ளையை வாங்கினார். வாங்கினவர் கண் கலங்கிவிட்டார். "இந்து, இது என்னையப் பாத்துச் சிரிக்குது பாரு." அது வாயுவால் வருகிற சிரிப்பு என்று அத்தை சொல்லியிருக்கிறார். நான் சொல்லவில்லை. மனுஷன் சந்தோஷமாக இருக்கட்டும்.

பெயர் வைக்க நட்சத்திரப்படி எழுத்து பார்த்து மூன்று பெயர் கொண்டுவந்திருந்தார். எது பிடிக்குது என்றார். எதுனாலும் சரிங்க என்றேன். அப்படிச் சொல்லக்கூடாதாம், நான்தான் சொல்லணுமாம். நடுவில் இருந்ததைக் காட்டினேன். தன்விகா. முப்பதாம் தேதி தொட்டில் கட்டிப் பெயர் வைப்பதாக முடிவானது.

கிளம்பும்போது, "நீ நல்லாத்தான இருக்கே?" என்றார்.

"தூக்கம் இல்லீங்க. அவ்வளவுதான்."

"அது இருக்கத்தான் செய்யும். எல்லாம் சரியாயிரும்." தலையைத் தடவிவிட்டுப் போனார். கட்டுக்கு மேலேதான் தடவினார். உள்ளே மஞ்சள் ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தது.

மஞ்சளையும் ஜிகினாவையும் ஜோடி சேர்த்துப் பார்த்தேன். முதல் ஆல்பமும் கடைசி ஆல்பமும். இருபது வயதுப் பையன்களையும் அவர்களே தொப்பை போட்டு வந்து நிற்பதையும் பக்கத்தில் பக்கத்தில் கேட்கிற மாதிரி இருந்தது. எரிச்சலாக இருந்தது. ஆனால் ஜிகினாவில் ஒரு நல்ல விஷயம், அதில் மௌனமே கிடையாது. கேவலமான ஆல்பம், ஆனால் ஓட்டை இல்லை.

நவம்பர் 11, செவ்வாய்

இன்று ஷஃபிள் போட்டேன்.

நாரைகளை ஷஃபிளில் கேட்பவனைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று ஹாஸ்டல் சுவரில் எழுதி ஒட்டியவள் நான். ஆனால் ஜோடி சேர்க்கத் தலை ஓடவில்லை. எட்டு ஆல்பத்தையும் ஒரே குவியலாகக் கொட்டி, மௌனம் இருக்கிற பாட்டை மட்டும் நீக்கிவிட்டு, கலைத்துவிட்டேன். போன் எதைப் போட்டாலும் சரி. கப்பல் பாதியில் நிற்கும்போது ஜிகினா வந்து விழுகிறது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பால் கொடுக்கும்போதும் அப்படித்தான். அது பாட்டுக்குக் குடிக்கிறது, நான் சுவரைப் பார்க்கிறேன்.

மதியம் அப்பா என் தோளைத் தொட்டார். திடுக்கிட்டேன். "நாலு தரம் கூப்புட்டுட்டேன் கண்ணு, திரும்பவே மாட்டீங்கறே. ரசம் ஊத்தட்டுமா?" என்றார்.

நவம்பர் 13, வியாழன்

அப்பா பென்ஷனுக்கு உயிரோடு இருக்கிற சான்றிதழ் கொடுக்கப் போனார். "சித்த நேரத்துல வந்தர்றேன், பாப்பா தூங்குது, பாத்துக்கோ" என்று கையை ஆட்டிச் சொல்லிவிட்டுப் போனார். நான் ஜன்னலைப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொண்டு பிள்ளைத்துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஷஃபிள் ஓடியது. மழை பிடித்துக்கொண்டது. துணி தீர்ந்த பிறகும் மடித்ததையே பிரித்து மடித்தேன்.

யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். அப்பா. தலையெல்லாம் நனைந்திருந்தது. தோளில் பிள்ளை. அது அழுது அழுது முகம் கறுத்து, சத்தம் வராமல் வாய் மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. துணி முழுக்க ஈரம். வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் நின்றார்கள். அவர்கள் கதவைத் தட்டியும் நான் திறக்கவில்லையாம்.

அப்பா வாய் அசைந்தது. காதுக்கட்டை மெல்ல நகர்த்துகிற மாதிரி இயர்போனைத் தட்டி நிறுத்தினேன்.

"இந்து! ஏங்கண்ணு, காது கேக்கலியா? இத்தன அழுகை உனக்குக் கேக்கவே இல்லியா?"

"இல்லீங்ப்பா" என்றேன்.

அவர் முகம் மாறியது. திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "காத்து பூந்துருச்சு. அய்யோ சாமி, காது போயிருச்சு எம் பொண்ணுக்கு" என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. செவிட்டுத் தாய் என்றால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று பட்டது. பேசாமல் இருந்துவிட்டேன்.

நவம்பர் 14, வெள்ளி

அத்தையோடு அப்பா ரொம்ப நேரம் பேசினார். பூண்டைத் தட்டி எண்ணெயில் காய்ச்சி, பொறுக்கும் சூட்டில் காதில் விட்டார். கட்டை இன்னும் இறுக்கிக் கட்டுகிறார். "நாந்தான் கட்டு சரியாக் கட்டாம வுட்டுட்டேன். பொம்பளைக பாக்கற சோலிய ஆம்பள பாத்தா இப்படித்தான்" என்று என் முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டார். எனக்குக் கேட்காது என்று நினைத்துச் சொன்னார்.

நவம்பர் 17, திங்கள்

அப்பா நேற்று முழுக்க ஸ்டூலில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். வயர், கிளிப், சுத்தியல். என் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு சிவப்பு பல்பு மாட்டியிருக்கிறார். ஸ்விட்ச் சமையலறையில். பிள்ளை அழுதால் அவர் அங்கே அமுக்குவார், இங்கே எரியும்.

செய்து காட்டினார். சமையலறைக்கு ஓடினார், எரிந்தது. திரும்ப ஓடி வந்து வாசற்படியில் நின்று, தெரியுதா என்று கையால் கேட்டார். தலையை ஆட்டினேன். அவருக்கு அவ்வளவு பெருமை. அறுபத்தி ஆறு வயது மனிதர்.

இனி அழுகை வெளிச்சமாகவும் வரும். கண்ணை மூடிக்கொண்டேன். மூடினாலும் இமைக்குள் சிவப்பாகத் தெரிகிறது. கடிகாரமும் ஜிகினாவும் ஜோடி சேர்த்தேன், எதற்கு என்று தெரியவில்லை. பாட்டே பிடிக்கவில்லை. நாரைகளைப் பிடிக்காமல் போகும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அடைப்பதற்குப் பஞ்சு இருந்தால் போதும் என்கிற நிலைக்கு வந்துவிட்டேன்.

நவம்பர் 19, புதன்

நாளைக்குக் காது டாக்டர். அப்பா டோக்கன் வாங்கி வைத்துவிட்டார். பரிசோதனையில் பீப் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டுமாம். கேட்காதவர்கள் அமுக்க மாட்டார்கள். நானும் அமுக்காமல் இருந்தால் போதும்.

நவம்பர் 20, வியாழன்

முழுதாக எழுதிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரி ஹாலில் அப்பா பிள்ளையோடு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் பால் பாட்டில், பிளாஸ்க், மாற்றுத்துணிப் பை. என்னை உள்ளே கூட்டிப்போனது செவித்திறன் பார்க்கிற பெண். நஸ்ரின் என்று சட்டையில் எழுதியிருந்தது. என்னைவிடச் சின்னவள். என் காதுக்கட்டை அவிழ்த்து மடித்து என் மடியிலேயே வைத்தாள். கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறை, சுவரெல்லாம் ஓட்டை போட்ட பஞ்சுப் பலகை. பெரிய ஹெட்போனை மாட்டி, கையில் பட்டனைக் கொடுத்து, கதவைச் சாத்தினாள்.

அப்படி ஒரு மௌனம் என் ஜென்மத்தில் கேட்டதில்லை. இத்தனை நாளாக எதை அடைக்கப் பாடுபட்டேனோ அதுவே அறை முழுக்க இருந்தது. அழுகை வரும் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நானும் என் மூச்சும்தான். அப்புறம் எங்கேயோ தூரத்தில் ஒரு பீப்.

அமுக்கவில்லை. இன்னொன்று. அமுக்கவில்லை. பெரிதாக, சின்னதாக, வலது, இடது. ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்டது. கட்டைவிரலைப் பட்டன் மேல் வைத்தபடியே இருந்தேன். விரல் வலித்தது.

அவள் உள்ளே வந்து ஹெட்போனைக் கழற்றினாள். எனக்குப் பின்னால் போய் எதையோ எடுத்துவைத்துக்கொண்டே, ரொம்ப மெல்லிசான குரலில், "அக்கா, துண்டு கீழ விழுந்துருச்சு பாருங்க" என்றாள்.

குனிந்து பார்த்தேன். துண்டு மடியில் பத்திரமாக இருந்தது.

அவள் முன்னால் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோபப்படவில்லை. "காது நல்லாத்தான் இருக்குது. அப்பறம் ஏங்க்கா?" என்றாள்.

"பாப்பா அழறது கேக்கக்கூடாதுன்னு."

"வீட்ல கேக்குதா?"

"கேக்குது. எப்பவும் கேக்குது. தூங்கறப்பவும் கேக்குது." அதற்கு மேல் நிறுத்த முடியவில்லை. "எல்லாரும் அதத் தூக்கி மோந்து பாக்கறாங்க. கண்ணு கலங்கறாங்க. எனக்கு ஒண்ணுமே வரலீங்க. யாரோ குடுத்துட்டுப் போன புள்ள மாதிரி இருக்குது. பால் குடுக்கறேன், துணி மாத்தறேன். ஆனா அதப் படுக்க வெச்சுட்டு, செருப்பப் போட்டுட்டு, பஸ் ஸ்டேண்டு போய் எந்த பஸ்ஸு வருதோ அதுல ஏறிறலாம்னு தோணுது. தெனமும் தோணுது. ஒரு நாள் போயிருவேன்னு பயமா இருக்குது."

சொல்லி முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். அருவருப்பு இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவள் என் கையில் இருந்த பட்டனை மெல்ல வாங்கி வைத்தாள். இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"எங்க அக்காவுக்கு ரெண்டாவது பொறந்தப்ப இப்படித்தாங்க்கா இருந்துச்சு. நாங்க எல்லாம் அவளுக்குத் திமிருன்னு பேசிட்டோம். லேட்டாத்தான் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனோம். இது காது டாக்டர் பாக்கறதில்ல. மாடியில மேடம் ஒருத்தங்க இருக்காங்க. நாளைக்கே பாத்துருங்க." அப்புறம், "அப்பாகிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

நானே சொல்கிறேன் என்றேன்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். "அப்பா, எனக்குக் காது கேக்குதுங்க."

"கேக்குதா!" துள்ளி எழுந்துவிட்டார். "அட சாமீ! கேக்குதா கண்ணு! பாப்பா, கேட்டியா, அம்மாளுக்குக் காது கேக்குதாமா!" பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொன்னார். ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார். அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"முதல்ல இருந்தே கேக்குதுங்ப்பா."

இயர்போன் டப்பாவை எடுத்து அவர் கையில் வைத்தேன். பாட்டு, கட்டு, அன்றைக்கு மழையில் நடந்தது, பஸ் ஸ்டேண்டு எல்லாம் சொன்னேன். அவர் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே கேட்டார். தட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

"அப்ப அந்த லைட்டு?"

"தெரிஞ்சுதுங்ப்பா. கண்ண மூடிக்குவேன்."

"ம்."

டோக்கன் நம்பர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். பிறகு அப்பா டப்பாவைத் திறந்து, ஒன்றை எடுத்து, தலைகீழாகக் காதில் வைத்துக்கொண்டார். திருத்தி வைத்தேன். கப்பலில் மூன்றாவது பாட்டைப் போட்டேன். அப்பா முகத்தைச் சுளித்துக் கவனமாகக் கேட்டார்.

"என்ன கண்ணு இது, டிரான்ஸ்பார்மர் ஓவர்லோடுல நிக்கற மாதிரி இருக்குது."

"அது ஆர்கனுங்ப்பா."

"இதயா இத்தன நாளாக் காதுக்குள்ள வெச்சுட்டிருந்தே." கழற்றி என் கையில் கொடுத்தார். அப்போதுதான் அவர் உதடு கோணியது. "என்கிட்டச் சொல்றதுக்கு உனக்கு என்ன கண்ணு?"

நவம்பர் 21, வெள்ளி

மாடி டாக்டரைப் பார்த்தோம். நிறையக் கேட்டார், நானும் சொன்னேன். இது நோய்தான், உன் குணம் இல்லை, என்றார். பால் கொடுப்பவர்களுக்கு ஆகிற மாத்திரை எழுதிக்கொடுத்தார். உடனே சரியாகாதாம், வாரக்கணக்கில் ஆகுமாம். பிள்ளையோடு என்னைத் தனியாக விட வேண்டாம் என்றும், தூங்க விடுங்கள் என்றும் அப்பாவிடம் சொன்னார். அப்பா இரண்டையும் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார்.

சரசு அத்தை போன் செய்தபோது, "சத்துக் கொறவாமா அக்கா, மாத்தரை குடுத்திருக்காங்க" என்று அப்பா முடித்துவிட்டார். அத்தை உத்தரவை மீறவில்லை என்றாலும் முதல் முறையாக அத்தையிடம் பொய் சொல்லியிருக்கிறார்.

நவநீதனிடம் நான் போனில் சொன்னேன். "நான் கேட்டனே இந்து, நல்லா இருக்கியான்னு கேட்டனே" என்றார். அழுதார். எனக்கு அதையும் தாங்கத் தெம்பு இல்லை. தூங்கிவிட்டேன்.

நவம்பர் 24, திங்கள்

காலையில் மறுபடியும் ஸ்டூல், சுத்தியல். சிவப்பு பல்பைக் கழற்றிக்கொண்டுபோய்ச் சமையலறையில் அடுப்புக்கு மேலே மாட்டினார். ஸ்விட்ச் இப்போது என் கட்டில் ஓரத்தில்.

"முடியலைன்னா அமுக்கு. எதுக்குன்னு கேக்க மாட்டேன். வந்து புள்ளய வாங்கிக்குவேன்."

"சும்மா சும்மா அமுக்கினா?"

"சும்மா சும்மா வர்றேன். எனக்கு என்ன சோலி? சப்ஸ்டேஷன்ல ஒருத்தனே ரெண்டு ஷிப்டு பாத்தா பீஸ் போயிரும் கண்ணு. உங்கம்மா இருந்திருந்தா ஆளு மாத்தி ஆளு பாத்திருப்பா. எனக்கு அது தெரியல. பத்தியம் பாத்தனே தவிர உன்னயப் பாக்கல."

பிறகு விதியைச் சொன்னார். நான் பாட்டு கேட்கலாம். ஒளித்து வேண்டாம். பாட்டு ஓடுகிறவரை பிள்ளை அவர் பொறுப்பு. முடிந்ததும் என் பொறுப்பு.

"எத்தன நேரம் ஓடும் ஒரு பாட்டு?"

"பத்து நிமிஷம், பன்னண்டு நிமிஷம்."

"அவ்வளவுதானா? எச்சா நீளமா ஒண்ணு போடு கண்ணு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அவர் கேட்காத மாதிரி ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தார்.

நவம்பர் 26, புதன்

நிறையத் தடவை அமுக்கினேன். ஒவ்வொரு தடவையும் வந்தார். ஒரு தடவை கையில் தோசைக் கரண்டியோடு.

காதுக்கட்டு மட்டும் தொடர்கிறது. காது நன்றாகத்தானே இருக்கிறது என்றால், "காது நல்லா இருந்தாலும் காத்து காத்துதான்" என்கிறார். இப்போது கட்டும்போதே இயர்போனை அவரே வைத்துவிடுகிறார்.

நவம்பர் 30, ஞாயிறு

தொட்டில் கட்டவில்லை. தள்ளிவைத்துவிட்டோம். நவநீதன் ஒரு வாரம் லீவு போட்டு வந்திருக்கிறார். புது லைன் எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்றார். துணி துவைக்கிறார், கொடியில் போடுகிறார், என்னிடம் எதையும் கேட்பதில்லை. பெயரை நீ சொல்றப்ப வெச்சுக்கலாம் என்று மட்டும் சொன்னார். பெயர்ச் சீட்டைக் கண்ணாடி ஓரத்தில் செருகி வைத்திருக்கிறார்.

ஷஃபிளை அழித்துவிட்டேன். எட்டு ஆல்பங்களையும் தனித்தனியாகப் பிரித்து, நீக்கிய பாட்டுகளைத் திரும்பச் சேர்த்தேன். பாதியிலேயே களைத்துவிட்டேன். மீதி நாளைக்கு.

டிசம்பர் 2, செவ்வாய்

ஒன்றும் முடியவில்லை. காலையில் இருந்து படுக்கைதான். பஸ் ஸ்டேண்டு நினைப்பு வந்தது. ஸ்விட்சை அமுக்கினேன். நவநீதனும் அப்பாவும் ஒரே நேரத்தில் ஓடி வந்து வாசற்படியில் முட்டிக்கொண்டார்கள்.

டிசம்பர் 4, வியாழன்

நேற்று தீபம். வாசலில் வைத்த அகல்களை இன்று காலையில்தான் அப்பா கழுவினார். நவநீதன் காய்கறி வாங்கப் போயிருந்தார். அப்பா கட்டு கட்டிவிட்டு, பிள்ளையை முன்னறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். "நீளமானதப் போடு" என்று போகிறபோக்கில் சொன்னார்.

கிணற்றைப் போட்டேன். ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. இது எந்த ஆல்பத்தோடும் ஜோடி சேராது என்று எனக்கு எப்போதோ தெரியும், சேர்த்துப் பார்த்ததெல்லாம் வீம்பு. முதலில் கிட்டார், அப்புறம் டிரம்ஸ், ஆர்கன், எல்லாம் ஏறி ஏறிப் போய் ஒரே அடியில் நின்றுவிடும். அந்த இடம் வருவதற்கு முன்னால் கை தானாகப் போனுக்குப் போனது. தள்ளிவிடலாமா என்று நினைத்தேன். தள்ளவில்லை.

நின்றது. தண்ணீர் சொட்டியது.

முன்னறையில் அப்பா பேசிக்கொண்டிருந்தார். "...அது பதினொண்ணாயிரம் வோல்ட்டு லைனு, தொட்டா அவ்வளவுதான், தூக்கி வீசிப்போடும். நீ தொடக்கூடாது, என்ன? தாத்தன் தொடலாம், தாத்தன் கையுறை போட்டிருப்பேன்." பிள்ளை "ங்..." என்றது. அழுகை இல்லை. அவர் நிறுத்தினால் "ங்" என்கிறது, அவர் தொடர்ந்தால் கேட்கிறது. ஃபீடர் லைன் வரைக்கும் விளக்கிக்கொண்டே போய்விட்டார். அது பதில் சொல்லிக்கொண்டிருந்தது. இப்படி ஒரு சத்தம் போடும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. எத்தனை நாளாகப் போடுகிறதோ.

ஆர்கன் திரும்ப ஆரம்பிக்கிற நேரம். எழுந்து கட்டைத் தளர்த்தி இயர்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு முன்னறைக்குப் போனேன்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "பாட்டு முடிஞ்சுதா கண்ணு?"

"இல்லீங்ப்பா. இன்னும் பாதி இருக்குது."

"அப்பறம் ஏன் எந்திரிச்சே? போய்க் கேளு."

"குடுங்க."

அவர் என்னையே ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கொடுத்தார். கனத்திருக்கிறாள். வாங்கின உடனேயே என் தோளில், காதுக்கட்டு வரைக்கும், பாலைக் கக்கிவிட்டாள். அப்பா துணி எடுக்க ஓடினார். அவள் கழுத்தில் மூக்கை வைத்துப் பார்த்தேன். தயிர் வாசம்தான். இன்னொரு தடவை வைத்துப் பார்த்தேன்.